அரசாங்க ஊழியர் சங்கமும் விண்ணப்ப முறையும்

தனிமரம் தோப்பாகாது என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒருவர் தனித்து நின்று தம் குறையைச் சொல்லுங்கால் அதனைச் செவிமடுப்பார் அரியர். நூற்றுவர் ஒருமித்து முறையறிந்து விண்ணப்பிக்குங்கால் கேளாதவரும் சற்று நின்று கேட்பர். ஆயினும் ஒருமித்துக் கேட்பதற்கும் ஒரு முறையுண்டு. அம்முறை தவறின் நியாயமான கோரிக்கையும் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்படும். நம் கல்லூரியில் பயின்று வெளியேறும் மாணவருள் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் செல்கின்றனர். பழைய மாணவருள் பலர் ஏற்கெனவே அப்பணிகளில் அமர்ந்துள்ளனர். அன்னார் தமக்கென ஒரு சங்கம் அமைக்க விரும்பின், யாரிடம், எந்தச் சட்டத்தின்கீழ், எங்ஙனம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சியில் முதற்கண் மனத்தில் இருத்த வேண்டுவது ஒன்றுண்டு. சங்கமாகக் கூடும் உரிமை வேறு. அச்சங்கத்தைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்துகொள்ளுதல் வேறு. பதிவுற்ற அல்லது பதிவுறாத அச்சங்கத்தை அரசாங்கம் அங்கீகரித்தல் வேறு. வேலைநிறுத்தம் செய்தல் முற்றிலும் வேறு. இந்நான்கையும் ஒன்றெனக் கருதி மயங்கியமையாலேயே ஊழியர் பலர் இடர்ப்பட்டனர் என்பதைக் கடந்த நூறாண்டு வரலாறு காட்டுகின்றது.

நம் தருமபுரி ஜில்லாவையே எடுத்துக்கொள்வோம். இது 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சேலம் ஜில்லாவினின்றும் பிரிக்கப்பட்டது; 2004-ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரி இதனின்று பிரிந்து தனி ஜில்லா ஆயிற்று. பென்னாகரம் தாலுகா ஆபீஸில் எழுதும் குமாஸ்தா ஒருவர், தருமபுரி நகராட்சியில் விடியுமுன் தெருக்கூட்டும் தூய்மைப் பணியாளர் ஒருவர், அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ் கண்டக்டர் ஒருவர், அரூர் தபால் ஆபீஸின் உதவியாளர் ஒருவர், பாலக்கோட்டில் பணிபுரியும் போலீஸ்காரர் ஒருவர் ஆகிய ஐவரை மனத்தால் ஒருங்கு நிறுத்திப் பார்ப்போம். ஊரார் இவ்வைவரையும் ‘கவர்ன்மெண்டு உத்தியோகம்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பர். ஆனால் சங்கம் அமைக்கும் பொருளில் சட்டம் இவர்களை ஒரே வரிசையில் வைத்து எண்ணுவதில்லை. ஒருவர் நுழையும் வாயிலில் மற்றொருவர் நுழைதல் இயலாது. இவ்வேறுபாடு எங்ஙனம் தோன்றிற்று என்பதை அறிய வரலாற்றைச் சிறிது பின்னோக்குதல் வேண்டும்.

1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைப் பெரம்பூர்ப் பகுதியில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா அதன் தலைவராகவும், திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத்தலைவருள் ஒருவராகவும் விளங்கினர். செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் அதன் தோற்றத்திற்கு அடிகோலியவர்கள். பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைகளின் நிர்வாகத்தார் வாடியா முதலியோர்மேல் ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடையுத்தரவும் பெற்றனர். தொழிலாளரைக் கூட்டியமைக்காகவே ஒருவர் நஷ்டஈட்டு வழக்கிற்கு உள்ளாகலாம் என்ற நிலை அக்காலத்தில் இருந்தது. இந்நிலையைக் கண்ட என். எம். ஜோஷி 1921-ஆம் ஆண்டில் மத்திய சட்டசபையில் தொழிற்சங்கங்களுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் வேண்டுமெனத் தீர்மானம் கொணர்ந்தார். அதன் பயனாக 1926-ஆம் ஆண்டில் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது.

அச்சட்டத்தின்படி ஏழுபேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டுப் பதிவாளருக்கு விண்ணப்பிக்கலாயிற்று. பதிவுற்ற சங்கம் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள்போலாயிற்று. தன் பெயரால் சொத்து வைத்திருக்கவும் வழக்காடவும் அதற்கு உரிமை உண்டாயிற்று. சங்கத்தின் நேரிய வேலைகளுக்காக அதன் நிர்வாகிகளைச் சதிக்குற்றத்திற்கு உள்ளாக்குதல் தவிர்க்கப்பட்டது. பிற்காலத்தில், 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், உறுப்பினர் தொகை பற்றிய ஒரு நிபந்தனையும் சேர்ந்தது. ஒரு நிறுவனத்திலோ தொழிலிலோ உள்ள தொழிலாளருள் 100-க்கு 10 பேர், அல்லது 100 பேர், இவற்றுள் எது குறைவோ அத்தொகையினர் சங்கத்தில் சேர்ந்திருத்தல் வேண்டும். எவ்வாற்றானும் 7 பேருக்குக் குறைதல் ஆகாது என்பதே அது. 600 பேர் உழைக்குமிடத்தில் 60 பேர் வேண்டும்; 4,000 பேர் உழைக்குமிடத்தில் 100 பேர் போதும்; 40 பேரே உழைக்குமிடத்தில் நால்வர் போதார், எழுவர் வேண்டும்.

நிற்க. இச்சட்டம் தொழிலாளர்க்கென எழுந்தது. அரசாங்க அலுவலர் இதன் நிழலில் ஒதுங்கலாமா என்ற வினா நம் மாகாணத்திலேயே எழுந்தது. தமிழ்நாட்டுக் கெஜட் பதிவுபெறாத அரசாங்க அலுவலர்கள், அஃதாவது என். ஜி. ஓ. என வழங்கப்பெறுவோர், தம் சங்கத்தை இச்சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யுமாறு விண்ணப்பித்தனர். பதிவாளர் மறுத்தார். வழக்குச் சென்னை ஹைக்கோர்ட்டிற்குச் சென்றது. 1962-ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைத் தொகுதியில் இடம்பெற்றுள்ள தீர்ப்பு பதிவாளர் பக்கமே நின்றது. வரிதண்டுதல், நீதி வழங்குதல், கருவூலங் காத்தல் முதலியவை அரசாங்கம் பிறரிடம் ஒப்புவிக்க இயலாத ஆளுகைத் தொழில்கள். அவற்றில் அமர்ந்தோர் தொழில் அல்லது வணிகத்தில் அமர்ந்த தொழிலாளர் ஆகார். ஆகவே அவர்தம் சங்கம் தொழிற்சங்கமாகப் பதிவுபெறுதற்கு உரியதன்று என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பைக் கேட்டவுடன், ‘அவ்வாறாயின் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்குச் சங்கமே இல்லையோ?’ என்று மாணவர் வினவக்கூடும். அங்ஙனம் அன்று. இங்கேதான் நாம் முன்னர்ச் சொன்ன வேறுபாடு பயன்படுகின்றது. அவருக்கு மறுக்கப்பட்டது தொழிற்சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவு மட்டுமே. சங்கமாகக் கூடும் உரிமையை இந்திய அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு குடிமக்கள் யாவருக்கும் அளித்துள்ளது. 1962-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு வழங்கிய மற்றொரு தீர்ப்பு இதனைத் தெளிவாக்கிற்று. அரசாங்கம் அங்கீகரியாத சங்கத்தில் அரசாங்க ஊழியர் சேர்தலோ நீடித்தலோ கூடாது என மத்திய அரசின் நடத்தை விதிகளுள் ஒன்று அக்காலத்தில் தடுத்திருந்தது. இ. எக்ஸ். ஜோஸப் என்பாரின் வழக்கில் அவ்விதி செல்லாது என்று அக்கோர்ட்டு தீர்த்தது. அங்கீகாரம் பெற்ற பின்னரே கூடலாம் என்பது உரிமையை ஆளுவோரின் விருப்பத்திற்கு அடிமையாக்குவதாகும் என்பதே அதன் கருத்து. ஆகவே பென்னாகரத்துக் குமாஸ்தா தம் தோழருடன் சங்கம் அமைக்கலாம். அதற்கு எவருடைய முன்னனுமதியும் வேண்டுவதில்லை. ஆனால் அவர் விண்ணப்பம் செல்ல வேண்டிய இடம் தொழிற்சங்கப் பதிவாளரின் ஆபீஸ் அன்று. அங்கீகாரம் வேண்டி அரசாங்கத்திற்கே அது செல்லுதல் வேண்டும்.

இனி, நகராட்சித் தூய்மைப் பணியாளரையும் பஸ் கண்டக்டரையும் கருதுவோம். இவர்களுக்குப் பதிவாளரின் வாயில் திறந்துள்ளது. நாகபுரி நகராண்மைக் கழகத்தின் ஊழியர் பற்றிய வழக்கில் 1960-ஆம் ஆண்டிலும், பெங்களூர்க் குடிநீர் வாரியத்தின் வழக்கில் 1978-ஆம் ஆண்டிலும் சுப்ரீம் கோர்ட்டு ‘தொழில்’ என்னும் சொல்லுக்கு விரிந்த பொருள் கூறிற்று. முதலாளியும் ஊழியரும் கூடி, முறைப்பட அமைத்துக்கொண்டு, மக்களின் தேவைகளை நிறைவேற்றும் பொருள்களையோ பணிகளையோ அளிக்குமிடத்து அது தொழிலே; இலாபம் கருதாமையால் அது தொழிலன்று என்றாகாது என நீதிபதி கிருஷ்ணய்யர் முதலானோர் 1978-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் விளக்கினர். தெருத்தூய்மை செய்தலும், குடிநீர் வழங்கலும், பஸ் ஓட்டுதலும் இவ்விலக்கணத்துள் அடங்குவன. ஒப்பந்தக்காரர் வாயிலாக அமர்த்தப்பட்ட தூய்மைப் பணியாளரும் தொழிலாளரே. நகராட்சியின் நிரந்தரப் பட்டியலில் தம் பெயர் இல்லை என்பதற்காக அவர் சங்கம் சேர அஞ்ச வேண்டுவதில்லை.

1926-ஆம் ஆண்டுச் சட்டத்தினிடத்தில் இப்பொழுது 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நிற்கின்றது; அது 2025-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தது. ஏழுபேர் விண்ணப்பித்தலும், 100-க்கு 10 பேர் அல்லது 100 பேர் என்ற கணக்கும் புதிய சட்டத்திலும் நிலைபெற்றுள்ளன. அரசாங்கத்தின் ஆளுகைத் தொழில்களை அது தொழில் என்னும் இலக்கணத்தினின்றும் வெளிப்படையாக விலக்கியுள்ளது. ஆகவே ஹைக்கோர்ட்டு முன்னர் வகுத்த எல்லைக்கோடு அழியவில்லை. அது சட்டத்தின் எழுத்திலேயே ஏறிவிட்டது எனலாம். நிர்வாகத்துடன் பேச்சு நடத்தும் உரிமைபற்றியும் புதிய சட்டம் விதித்துள்ளது. பல சங்கங்கள் உள்ளவிடத்து, தொழிலாளருள் 100-க்கு 51 பேரைத் தன்பால் கொண்ட சங்கமே தனிப் பேச்சுவார்த்தைச் சங்கமாகும். எச்சங்கத்திற்கும் அத்தொகை இல்லையெனில், 100-க்கு 20 பேரேனும் உடைய சங்கங்களின் பிரதிநிதிகள் கூடிய குழுவொன்று பேசும்.

அரூர்த் தபால் ஊழியரின் வழி இன்னொன்று. மத்திய அரசாங்க ஊழியர் சங்கங்களை அங்கீகரிப்பதற்கென 1993-ஆம் ஆண்டில் தனி விதிகள் இயற்றப்பட்டன. அவற்றின்படி, ஒரு வகுப்பு ஊழியருள் 100-க்கு 35 பேரைக் கொண்ட சங்கம் அங்கீகாரத்திற்கு உரியதாகும். அடுத்த நிலையிலுள்ள சங்கத்திற்கு 100-க்கு 15 பேர் வேண்டும். உறுப்பினர் தொகை சம்பளப் பட்டியலில் பிடிக்கப்படும் சந்தாவைக்கொண்டு சரிபார்க்கப்படும். சாதி, சமயம் முதலிய அடிப்படையில் சங்கம் அமைதல் கூடாது. நிர்வாகிகள் உறுப்பினரிடையினின்றே வருதல் வேண்டும். சங்கத்திற்கு அரசியல் நிதி இருத்தல் ஆகாது. தனிப்பட்ட ஓர் ஊழியரின் உத்தியோக வழக்கைச் சங்கம் எடுத்துப் பேசுதலும் ஆகாது. இவ்விதிகள் ஏட்டளவில் நிற்பன அல்ல. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தபால் இலாகா, தபால் ஊழியரின் பெரிய சங்கமொன்றற்கும் அது சார்ந்த தேசிய சம்மேளனத்திற்கும் அளித்திருந்த அங்கீகாரத்தை விலக்கிற்று. சங்க நிதியைச் செலவிட்ட முறை விதிகளுக்கு மாறுபட்டது என்பதே இலாகா கூறிய காரணம். சங்கத்தின் கணக்குப் புத்தகம் அதன் உயிர்நிலை என்பதை இந்நிகழ்ச்சியால் அறியலாம்.

போலீஸ்காரரின் நிலை இவையெல்லாவற்றினும் வேறுபட்டது. ஒழுங்குமுறைப் படைகளின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்தப் பார்லிமெண்டிற்கு அரசியல் சட்டத்தின் 33-ஆம் பிரிவு அதிகாரம் தந்துள்ளது. அதன்படி 1966-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், உரிய அதிகாரியின் அனுமதியின்றிப் போலீஸார் தொழிற்சங்கத்தில் சேருதலைத் தடுக்கின்றது. பாலக்கோட்டுப் போலீஸ்காரர் மற்ற நால்வரைப் பார்த்துத் தாமும் விண்ணப்பத்தில் கையொப்பமிடுவாராயின் தண்டனைக்கு உள்ளாக நேரும். ஆகவே, ‘நாம் எவ்வகை ஊழியர்?’ என்ற வினாவே விண்ணப்பத்தின் முதல் வரிக்கும் முற்பட்டது.

பிற நாடுகளின் வழக்கையும் சிறிது நோக்குவோம். இங்கிலாந்தில் விட்லி என்பார் தலைமையில் அமைந்த குழுவின் யோசனைப்படி, 1919-ஆம் ஆண்டில் அரசாங்க ஊழியரும் அரசாங்கத்தாரும் ஒருமேசையில் அமர்ந்து பேசும் கூட்டுச் சபைகள் ஏற்பட்டன. அம்மாதிரியைத் தழுவியே, 1960-ஆம் ஆண்டின் மத்திய ஊழியர் வேலைநிறுத்தத்திற்குப் பின்னர், 1966-ஆம் ஆண்டில் இந்தியாவிலும் கூட்டு ஆலோசனை அமைப்பு உண்டாயிற்று. அமெரிக்காவில் 1959-ஆம் ஆண்டில் விஸ்கான்ஸின் மாகாணம் உள்ளாட்சி ஊழியருக்கு இவ்வுரிமையை முதன்முதல் சட்டமாக்கிற்று. 1962-ஆம் ஆண்டில் ஜனாதிபதி கென்னடி மத்திய ஊழியருக்கும் அதனை உத்தரவால் அளித்தார். அங்கே மத்திய ஊழியருள் 100-க்கு 30 பேர் கையொப்பமிட்டு மனுச் செய்தால், இரகசிய வாக்கெடுப்பு நடத்தி, வாக்களித்தோருள் பெரும்பான்மையோர் விரும்பும் சங்கத்தையே அரசாங்கம் ஏற்கின்றது. நம் நாட்டிலும் இதனையொத்த முறை ரெயில்வேயில் உண்டு. 2007, 2013, 2024 ஆகிய ஆண்டுகளில் ரெயில்வே ஊழியர் இரகசிய வாக்கெடுப்பின் வாயிலாகவே தம்மைப் பிரதிநிதிப்படுத்தும் சங்கங்களைத் தெரிந்தெடுத்தனர். தருமபுரி ரெயில் நிலையத்தின் ஊழியரும் இம்முறைக்கு உட்பட்டவரே. மேலதிகாரியின் கண்ணுக்கு அஞ்சாமல் தம் விருப்பத்தை வெளியிட எளிய ஊழியருக்கு இரகசிய வாக்கே சிறந்த அரண் என்பது நம் அபிப்பிராயம்.

இனி நான்காவதாகிய வேலைநிறுத்தம். 2003-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தமிழ்நாட்டு அரசாங்க ஊழியரும் ஆசிரியரும், ஓய்வூதியம் முதலிய உரிமைகள் குறைக்கப்பட்டமை கருதி வேலைநிறுத்தம் செய்தனர். 2002-ஆம் ஆண்டின் இன்றியமையாப் பணிகள் பேணுகைச் சட்டத்தைக்கொண்டும், புதியதோர் அவசரச் சட்டத்தைக்கொண்டும், ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்டோர் விசாரணையின்றியே வேலைநீக்கம் செய்யப்பட்டனர். ஒரு கையொப்பத்தால் அத்துணைக் குடும்பங்களின் அடுப்பு அணையும் நிலை நேர்ந்தது. டி. கே. ரங்கராஜன் என்பார் தொடுத்த வழக்கில் ஆகஸ்டு 6-ஆம் நாள் தீர்ப்புரைத்த சுப்ரீம் கோர்ட்டு, அரசாங்க ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, அறவழிப்பட்ட உரிமையோ இல்லை என்றது. 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு அரசாங்க ஊழியர் நடத்தை விதிகள் வேலைநிறுத்தத்தைத் தடுத்துள்ளமையையும் அது எடுத்துக் காட்டிற்று. மன்னிப்புக் கோரி உறுதிமொழி எழுதிக் கொடுத்தோரை மீண்டும் வேலைக்கு எடுத்துக்கொள்ள அரசாங்கம் இசைந்தமையால் பெரும்பாலோர் பணிக்குத் திரும்பினர். அத்தீர்ப்பு நேரியதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், சங்கம் உண்டு என்பதனால் வேலைநிறுத்த உரிமையும் உண்டென எண்ணி இறங்குவோர் எதனைப் பணயம் வைக்கின்றனர் என்பதை அம்மாதம் நாட்டிற்குக் கற்பித்தது. வேலைநிறுத்தம் கைகொடாத இடத்தில் விண்ணப்பமே ஊழியரின் முதன்மையான கருவியாதலின், அதனைச் செவ்விதாக அமைத்தல் மேலும் இன்றியமையாததாகின்றது.

அக்கருவியை அமைக்கும் முறையாவது: முதலில், அலுவல் நேரத்திற்குப் புறம்பே, அலுவலகத்திற்கு வெளியே ஊழியர் ஒன்று கூடுக. கூட்டத்தில் யார் வந்தனர், யாது தீர்மானித்தனர் என்பதை நடவடிக்கைப் புத்தகத்தில் அன்றே எழுதிக் கையொப்பம் பெறுக. இரண்டாவது, சங்கத்தின் விதிகளை வகுத்துக்கொள்க. சங்கத்தின் பெயர், நோக்கம், நிதியைச் செலவிடும் வகை, உறுப்பினராகும் முறை, சந்தா, நிர்வாகிகளைத் தெரிந்தெடுத்தலும் நீக்குதலும், கணக்குத் தணிக்கை, உறுப்பினர் கணக்கைப் பார்வையிடும் உரிமை, விதிகளைத் திருத்தும் முறை, சங்கத்தைக் கலைக்கும் முறை ஆகிய யாவும் அவற்றில் அமைதல் வேண்டும். மூன்றாவது, உறுப்பினர் பதிவேடு ஒன்று வைத்து, ஒவ்வொருவரிடமும் சந்தா பெற்று இரசீது கொடுக்க. வாயால் ‘நானும் உண்டு’ என்பார் ஆயிரவர் ஆயினும், எண்ணிக்கையைச் சரிபார்க்குங்கால் பதிவேட்டில் உள்ளவரே எண்ணப்படுவர்.

நான்காவது, விண்ணப்பத்தை எழுதுக. பதிவு வேண்டுவோர் சங்க விதிகளின் படியையும், அவ்விதிகளை ஏற்ற தீர்மானத்தின் படியையும், விண்ணப்பிக்க இன்னாருக்கு அதிகாரம் அளித்தோம் என்னும் தீர்மானத்தின் படியையும், பிரமாண வாக்குமூலத்தையும் இணைத்தல் வேண்டும். அங்கீகாரம் வேண்டுவோர் விதிகளையும், நிர்வாகிகளின் பெயர்களையும், உறுப்பினர் தொகையையும் இணைத்துத் தம் துறையின் வாயிலாக அனுப்புதல் வேண்டும். விண்ணப்பத்தில் சம்பள உயர்வு, இடமாற்றம் முதலிய குறைகளைக் கலத்தல் வேண்டா. பதிவு அல்லது அங்கீகாரம் என்னும் ஒன்றையே கேட்க. குறைகளைச் சொல்லும் காலம் சங்கம் நிலைபெற்ற பின்னரே வரும். ஐந்தாவது, விண்ணப்பம் சேர்ந்தமைக்கு ஒப்புதற் சீட்டுப் பெறுக. மறுப்பு வருமாயின், எழுத்தில் காரணம் பெற்று, சட்டம் காட்டும் மேல்முறையீட்டிற்குச் செல்லுக. ஆறாவது, பதிவு பெற்றவுடன் உறங்கிவிடுதல் கூடாது. ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கறிக்கையைப் பதிவாளருக்கு அனுப்புதல் வேண்டும். ஊக்கத்தோடு தொடங்கிக் கணக்கு அனுப்ப மறந்து பதிவை இழப்பதினும் இரங்கத்தக்கது வேறில்லை.

மாணவ நண்பர்காள்! சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் கூடும் உரிமை பற்றி 1948-ஆம் ஆண்டிலும், அரசாங்க ஊழியரின் அமைப்புரிமை பற்றி 1978-ஆம் ஆண்டிலும் உடன்படிக்கைகளை வகுத்தது. இந்தியா அவற்றை இன்னும் ஏற்கவில்லை. ஆகவே இப்பொருளில் செய்ய வேண்டுவன பல எஞ்சியுள்ளன. அவற்றைச் செய்ய வேண்டியவர்கள் நாளை அலுவலகங்களில் அமரப்போகும் நீங்களே. உங்களிற் சிலர் விண்ணப்பத்தை எழுதுவீர்கள். வேறு சிலர் அதிகாரியாய் அமர்ந்து அவ்விண்ணப்பத்தைப் பெறுவீர்கள். எழுதுவோர், தாம் எவ்வகை ஊழியர், எவ்வாயிலில் நிற்கின்றோம் என்பதை அறிந்து எழுதுக. பெறுவோர், கூடும் உரிமை தம் கொடையன்று, அரசியல் சட்டம் குடிமகனுக்கு அளித்தது என்பதை நினைந்து பெறுக. விடியுமுன் தெருக்கூட்டுவோரின் விண்ணப்பமும் ஆபீஸ் குமாஸ்தாவின் விண்ணப்பமும் ஒரே மரியாதையோடு படிக்கப்படுமாயின், சட்டம் ஏட்டினின்று இறங்கி மக்களின் வாழ்வில் நின்றதாகும்.